சாம்பலும் செங்கல்லும்: லண்டன் குப்பைச் சட்டங்களின் சரித்திரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், லண்டன் மாநகரத்து மாஜிஸ்திரேட்டுகளின் முன்னிலையில் அவ்வப்போது ஒரு விசித்திரமான குற்றச்சாட்டு விசாரணைக்கு வருவதுண்டு. குப்பையைத் தெருவில் கொட்டினார்கள் என்பதல்ல அந்தக் குற்றம். குப்பையைத் திருடினார்கள் என்பது. ஒரு வட்டாரத்து வீடுகளின் அடுப்புச் சாம்பலை அள்ளிச் செல்லும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, அதற்காக வட்டாரச் சபைக்கு ரொக்கமும் கட்டியிருந்த குத்தகைக்காரரின் வண்டி வருவதற்கு முன்பே, அவருடைய ஆட்களைப் போலவே மணியடித்துக் கூவிக்கொண்டு வந்து, கிடைத்த சாம்பலையெல்லாம் வாரிக்கொண்டு கம்பி நீட்டிவிடும் கூட்டமொன்று அந்நாளில் இருந்தது. 'பறக்கும் குப்பைக்காரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். குத்தகைக்காரர்கள் அவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். வட்டாரச் சட்டங்களும் குத்தகைக்காரர்களின் பக்கம் நின்று அபராதம் விதித்தன.

கழிவுப் பொருள்களைக் குறித்த அரசாங்க விதிகள் என்றால், கண்ட இடத்தில் கொட்டுபவனைத் தண்டிப்பதற்கென்றே பிறந்தவை என எண்ணிப் பழகிய நமக்கு, அள்ளிக்கொண்டு போகிறவனைத் தண்டித்த இந்தச் சட்டம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் லண்டன் நகரத்தின் குப்பைச் சரித்திரத்தை ஆதியோடந்தமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். சுகாதார ஞானம் வளர வளரச் சட்டமும் படிப்படியாக வளர்ந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கதை பாதி உண்மையே. குப்பைக்குச் சந்தையில் விலை இருந்தவரையில் அரசு அதனை ஒரு சொத்தாகக் காத்தது. அவ்விலை அற்றுப்போன நாளில்தான் அதனை ஒரு கடமையாக யார் தலையிலாவது ஏற்றிவைக்கச் சட்டம் தேடியது. அந்தக் கடமையும் சரிவர நடைபெறாதபோது, கடைசியாகத் தானே அதற்கு ஒரு விலையை நிர்ணயம் செய்தது. என் அபிப்பிராயத்தில், வீட்டுக் குப்பைக்கும் கட்டட இடிபாட்டுக்கும் பொதுவாக அமைந்த வரலாறு இதுவே.

சந்தை தோன்றுவதற்கு முன்பு கட்டளைகள் இல்லாமல் இல்லை. 1357-ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு மன்னர் தேம்ஸ் நதியில் படகில் செல்லும்போது, இரு கரைகளிலும் குவிந்திருந்த சாணக் குவியல்களையும் அவற்றிலிருந்து எழுந்த துர்நாற்றத்தையும் கண்டு வெகுண்டு, கரைகளையும் தெருக்களையும் உடனே சுத்தம் செய்யும்படி நகர மேயருக்கு உத்தரவு அனுப்பினார். 1388-இல், இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில், கேம்பிரிட்ஜில் கூடிய பாராளுமன்றம், நகரங்களைச் சூழ்ந்த அகழிகளிலும் ஆறுகளிலும் கால்நடைக் குடல்களையும் பிற அசுத்தங்களையும் எறிபவர்கள் 20 பவுன் அபராதம் செலுத்த வேண்டும் என்று சட்டமியற்றியது. அக்காலத்துக் கூலியாள் ஒருவன் பல வருஷங்கள் உழைத்தாலும் கண்ணால் காண முடியாத தொகை அது. நிறைவேற்றுவதற்கு ஆளும் அமைப்பும் இல்லாத அரசுகள், அபராதத்தின் பருமனைக் கூட்டிக் காட்டி அச்சமூட்டுவது எக்காலத்துக்கும் பொதுவான வழக்கம் போலும். உள்ளபடிக்குத் தெருவைச் சுத்தம் செய்தவர்கள், வட்டாரந்தோறும் நியமிக்கப்பட்ட வாரியள்ளும் ஆட்களும், குப்பையை உரமாக வாங்கிச் சென்ற புறநகர்த் தோட்டக்காரர்களுமே.

கட்டட இடிபாடு என்ற பொருள் லண்டனின் சரித்திரத்தில் பேருருவம் எடுத்து நின்றது 1666-ஆம் ஆண்டு செப்டம்பரில். நான்கு நாள் எரிந்த பெருந்தீயில் 13,200 வீடுகளும் 87 மாதாகோயில்களும் அழிந்தபோது, மதிற்சுவருக்குள் இருந்த நகரத்தின் பெரும்பகுதி வெந்த கல்லும் காரையும் சாம்பலுமாகக் கிடந்தது. இன்றைய நகராட்சி அதிகாரி ஒருவரிடம் இத்தகைய குவியலைக் காட்டினால், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே அவருடைய முதற் கேள்வியாக இருக்கும். அக்காலத்தவர்க்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. 1667-ஆம் ஆண்டின் புனர்நிர்மாணச் சட்டம், இனிமேல் வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்று விதித்ததோடு, நதியை ஒட்டிய தாழ்வான தேம்ஸ் தெருவின் மட்டத்தை மூன்று அடி உயர்த்தவும் ஏற்பாடு செய்தது. உயர்த்துவதற்கு வேண்டிய மண் காலடியிலேயே கிடந்தது. புனித பவுல் பேராலயத்தின் இடிந்த கற்கள், கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் எழுப்பிய புதிய ஆலயத்துச் சுவர்களின் உட்புறத்தை நிரப்பின. புனர்நிர்மாணத்தின் பொதுச் செலவுக்குப் பணம் திரட்டிய வகையும் கவனிக்கத்தக்கது: நகரத்துக்குள் வந்திறங்கும் நிலக்கரியின் மீது வரி போடப்பட்டது. எரிந்த நகரத்தை எரிபொருளின் வரி மீட்டது என்று சொல்லலாம். ஆனால் அந்த நிலக்கரி அதனினும் பெரியதொரு பணியை, எரிந்து முடிந்த பிறகு, சாம்பலாகச் செய்யவிருந்தது.

அதன் காரணம் செங்கற் சூளையில் இருக்கிறது. லண்டனைச் சுற்றிலும் கிடைக்கும் களிமண்ணைத் தனியாகப் பிசைந்து சுட்டால், உலரும்போது வெடிக்கும். வேகுவதற்கு விறகும் நிலக்கரியும் மிகுதியாகத் தின்னும். நன்றாகச் சலித்த அடுப்புச் சாம்பலை அக்களிமண்ணோடு கலந்துவிட்டாலோ, சாம்பலில் முற்றும் எரியாமல் எஞ்சியிருக்கும் கரித்துகள் செங்கல்லின் உட்புறத்திலேயே கனன்று, கல்லை உள்ளும் புறமும் ஒரே சீராக வேகவைக்கும். சலித்தபின் மிஞ்சும் பருமனான கரித்துண்டுகளைச் செங்கல் அடுக்குகளின் இடையே பரப்பித் தீ மூட்டினால், தனியாக எரிபொருள் வாங்கும் தேவையும் பெரும்பாலும் தீர்ந்தது. பெருந்தீக்குப் பிறகு எழுந்த புனர்நிர்மாணத்தின்போதுதான் இந்த இரகசியம் கைவந்தது என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அது எவ்வாறாயினும், பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தெருத்தெருவாக எழுந்த லண்டனின் மஞ்சள் நிறச் செங்கற் சுவர்கள் அனைத்தும், அந்த நகரத்து அடுப்புகளின் சாம்பலைத் தம் உடம்பில் தாங்கியவையே ஆகும்.

இதனாலேயே சாம்பல் குத்தகைப் பொருளாயிற்று. மாதாகோயில் பங்கை எல்லையாகக் கொண்டு இயங்கிய வட்டாரச் சபைகள், தங்கள் எல்லைக்குள் சாம்பல் அள்ளும் உரிமையை அதிகத் தொகை தருபவருக்கு விட்டன. குத்தகை எடுத்தவர் வண்டிகளையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு வீடுதோறும் அள்ளி, தம் கொட்டிலிலே மலை போலக் குவித்தார். வீட்டுக்காரர்களுக்குச் செலவு கிடையாது, சபைக்கோ வருமானம். ஹென்றி மேஹ்யூ என்னும் பத்திரிகாசிரியர், லண்டனின் ஏழைத் தொழிலாளர்களைப் பற்றி 1851-ஐ ஒட்டி வெளியிட்ட பெருநூலில், நகரம் ஆண்டுதோறும் எரிக்கும் நிலக்கரியை ஏறக்குறைய 35 லட்சம் டன் என்றும், அதனால் விளையும் சாம்பலை 9 லட்சம் டன் என்றும் மதிப்பிட்டிருக்கிறார். அத்தனையும் எங்கேயோ கொட்டிப் புதைக்கப்பட்ட கழிவு அல்ல. தரம் பிரித்து விக்கிரயம் செய்யப்பட்ட சரக்கு.

அந்தக் கொட்டில்களின் உள்நடவடிக்கைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிற்காலத்துச் சட்டங்கள் தடுமாறிய விஷயமெல்லாம் அங்கே தினசரி வேலையாக நடந்தேறியது. குவியலின் மேல் நிற்கும் ஆண்கள் மண்வெட்டியால் வாரித் தள்ள, கீழே இடுப்பளவு சாம்பலில் நிற்கும் பெண்கள், தோல் ஆடையை முன்புறம் கட்டிக்கொண்டு, பெரிய சல்லடைகளை வயிற்றில் தாங்கி ஆட்டிச் சலித்தார்கள். சல்லடைக்குக் கீழே விழுந்த நுண்பொடி செங்கற்காரனுக்கு. மேலே தங்கிய கரித்துண்டு சூளைக்கு. உடைந்த பீங்கான், சிப்பி ஓடு, ஓட்டாஞ்சில்லு முதலிய கடினப் பொருள்கள் சாலை போடுகிறவர்களுக்குச் சென்றன. கறிகாய்த் தோலும் அழுகிய பண்டங்களும் உரமாயின. எலும்பு சோப்புக் காய்ச்சுகிறவர்களிடமும், கந்தல் காகிதப் பட்டறைக்கும், பழைய செருப்புத் தோல் நீலச்சாயம் தயாரிப்பவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. உடைந்த செங்கல்லைக் கட்டடக்காரர்கள் அஸ்திவாரத்துக்கும் சாலையடிக்கும் வாங்கிக்கொண்டார்கள். 1850-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப்பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரை, செத்த பூனைக்குக்கூட அங்கே விலையிருந்ததைக் குறிக்கிறது. வெள்ளைப் பூனையின் தோலுக்கு ஆறு பென்ஸ், வர்ணப் பூனைக்கு நான்கு, கறுப்புக்கு அதனதன் இலட்சணத்தைப் பொறுத்து. டிக்கன்ஸே பின்னர் 1864-65-இல் எழுதிய நாவலொன்றில், குப்பை மேடுகளின் மூலம் பெருஞ்செல்வம் சேர்த்த ஒருவருடைய சொத்துரிமையை மையமாக வைத்தார். அக்காலத்து வாசகர்களுக்கு அது சற்றும் அதிசயமாகப் படவில்லை.

கிங்ஸ் கிராஸ் என்று இப்போது வழங்கும் இடத்தில், பழைய பேட்டில் பிரிட்ஜ் பகுதியில், அவ்வாறான ஒரு பெரும் சாம்பல் மேடு நெடுங்காலம் இருந்தது. 1837-இல் வரைந்த ஒரு நீர்வர்ணச் சித்திரத்தில் அதனை இன்றும் காணலாம். 1812-இல் எரிந்துபோன மாஸ்கோ நகரத்தை மீண்டும் கட்டச் செங்கல் வேண்டுமென்று ருஷியர்கள் அந்த மேட்டை விலைக்கு வாங்கிச் சென்றார்கள் என்று ஒரு கதை லண்டனில் வெகு பிரபலம். கதைதான்; ஆனால் ஒரு குப்பை மேட்டைக் கப்பலேற்றி வாங்கிச் செல்லத் தூர தேசத்தார் வருவார்கள் என்று ஒரு நகரத்து ஜனங்கள் நம்புவதற்குத் தயாராக இருந்தார்கள் என்பதே, அன்றைய சந்தை நிலவரத்துக்குப் போதிய சாட்சி.

இந்தத் தொழிலை நான் புகழ்ந்து பாடுவதாக எவரும் கருத வேண்டாம். வயிற்றில் சல்லடை தாங்கிய பெண்களின் நுரையீரல்களில் எவ்வளவு சாம்பல் புகுந்திருக்கும் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. மேலும், இலாபம் உள்ள இடத்தில்தான் குத்தகைக்காரரின் வண்டி ஒழுங்காகச் சென்றது. பணக்காரர் வீடுகளில் சாம்பல் மிகுதி. ஏழைகள் நெருங்கி வாழும் சந்துகளில் நிலக்கரியும் குறைவு, சாம்பலும் குறைவு, அழுகல் மட்டும் அதிகம். அங்கே வண்டி வருவது அருமை. சந்தையின் நீதி அவ்வளவே.

விலை சரிந்த காரணங்கள் பல. 1825-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியோடு கட்டட வேலைகள் மந்தமடைந்து, செங்கல் தேவை குறைந்தது முதலாவது. ஜனத்தொகை பெருகப் பெருகச் சாம்பலும் பெருகித் தேவைக்கு மிஞ்சியது இரண்டாவது. இறுதி அடி அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் விழுந்தது. பீட்டர்பரோவுக்கு அருகில் ஃபிளெட்டன் என்னும் ஊரில் தோண்டப்பட்ட களிமண்ணில், பூர்வ காலத்து உயிர்ப்பொருள்களின் எச்சம் இயற்கையாகவே மிகுதியாகக் கலந்திருந்தமையால், அது சூளையில் தானே எரிந்து வெந்தது. சாம்பல் கலக்க வேண்டிய அவசியமே எழவில்லை. இருப்புப்பாதை வழியாக அந்தச் செங்கல் லண்டனில் மலிவாக வந்து இறங்கிற்று. சபைகளுக்குப் பணம் கொடுத்துச் சாம்பல் அள்ளிய குத்தகைக்காரர்கள், பணம் கொடுத்தால்தான் அள்ளுவோம் என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள்.

சட்டத்தின் மொழியும் அதனோடு மாறியது. சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842-இல் தம் சுகாதார அறிக்கையைச் சமர்ப்பித்ததும், 1849-இலும் 1854-இலும் காலரா நகரத்தைச் சூறையாடியதும், துர்க்காற்றே நோய்க்கு மூலம் என்று வைத்தியர்கள் நம்பியதும் இந்த மாற்றத்துக்குத் துணைசெய்தன, மறுக்கவில்லை. ஆயினும் 1855-ஆம் ஆண்டின் தலைநகர நிர்வாகச் சட்டம், குப்பை அள்ள ஆட்களை நியமிக்கும் பொறுப்பைச் சபைகளுக்கு அளித்தபோது, அள்ளிய பொருள் சபையின் சொத்து என்பதையும் மறவாமல் எழுதிக்கொண்டது. பழைய வருமானத்தின் ஆசை அப்போதும் முற்றும் போய்விடவில்லை. 1891-ஆம் ஆண்டின் லண்டன் பொதுச் சுகாதாரச் சட்டத்தில்தான், வீட்டுக் குப்பையை அகற்றியே தீர வேண்டும் என்ற கடமை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்பட்டது. அந்தச் சட்டம் செய்த இன்னொரு காரியம் அதிகம் கவனிக்கப்படாதது. வீட்டுக் குப்பை வேறு, தொழிற் குப்பை வேறு என்று அது பிரித்தது. கட்டடப் பொருள்களின் கழிவை அது தொழிற் குப்பையின் கணக்கில் சேர்த்தது. வீட்டில் எரிந்த கரியின் சாம்பலை ஊரார் செலவில் அள்ளலாம். வீட்டையே இடித்தால் அந்தக் காரையும் செங்கல்லும் இடித்தவன் பொறுப்பு, அள்ளச் சொன்னால் அவன் கூலி தர வேண்டும். செங்கல்லும் சாம்பலும் ஒரே கொட்டிலில் ஒன்றாக இருந்த காலம் அந்தப் பிரிவினையோடு முடிந்தது என்று கொள்ளலாம்.

விலையற்ற சாம்பலை என்ன செய்வது? படகுகளில் ஏற்றிக் கெண்ட், எஸ்ஸெக்ஸ் கரைகளின் சதுப்பு நிலங்களில் கொட்டினார்கள். எரித்தும் பார்த்தார்கள். ஆல்பிரெட் ஃபிரையர் என்பவர் 1874-இல் நாட்டிங்ஹாம் நகரில் முதன்முதலாக நிறுவிய எரிசூளை, இருபது ஆண்டுகளில் இங்கிலாந்து முழுதும் பரவிற்று. அவற்றுள் மிகுந்த கர்வத்தோடு எழுந்தது கிழக்கு லண்டனிலுள்ள ஷோர்டிச் சபையின் நிலையம். 1897-இல் விஞ்ஞானி கெல்வின் பிரபு அதனைத் திறந்துவைத்தார். குப்பையை எரித்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, அந்நீராவியால் மின்சாரம் எடுத்துத் தெருவிளக்குகளை ஏற்றி, மிச்ச வெப்பத்தால் பக்கத்திலிருந்த பொதுக் குளியல் மண்டபத்து நீரையும் சூடாக்கியது அந்தச் சபை. தூசியிலிருந்து ஒளியும் சக்தியும் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் ஒன்றை அக்கட்டடத்தின் முகப்பில் பொறித்தார்கள்; அது இன்னும் அங்கே இருக்கிறது. இக்காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் சர்க்கஸ் வித்தை கற்றுத்தரும் பள்ளி நடக்கிறது. ஊருக்குப் பெருமையாக அமைந்ததென்றாலும், குப்பையின் விலையை ஒரு பொது நிறுவனமே மீட்டெடுக்க முயன்ற அந்தச் சோதனை எல்லா ஊர்களிலும் பலிக்கவில்லை; நிலத்தில் கொட்டுவது அதைவிட மலிவாக இருந்ததே காரணம்.

இடிபாட்டின் கதைக்குத் திரும்புவோம். சட்டம் அதனைத் தொழிற் குப்பை என்று ஒதுக்குவதற்கு முன்பே தோண்டிய மண்ணுக்கும் இடிபாட்டுக்கும் சந்தை இருந்தது; ஒதுக்கிய பிறகும் அது வெகுநாள் உயிரோடிருந்தது. லண்டன் பிம்லிகோவின் சதுப்பு நிலத்தைக் கட்டடக்காரர் தாமஸ் கியூபிட் மேடாக்கியது புனித காதரின் துறைமுகத்தைத் தோண்டிய மண்ணைக் கொண்டு. பாட்டர்சீ பூங்காவின் தாழ்நிலத்தை உயர்த்தியதும் விக்டோரியா துறைமுகத்தின் மண்ணே. பழைய வீடுகளை இடிப்பவர்கள் செங்கல்லையும் மரத்தையும் ஓட்டையும் ஈயத்தையும் விற்றே இலாபம் கண்டார்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் அதற்கு இடங்கொடுத்தது: இடித்த செங்கல்லை ஒரு தட்டுத் தட்டினால் சாந்து உதிர்ந்து, கல் முழுசாக மறுபடி கட்டுவதற்கு வந்துவிடும். சிமெண்டுச் சாந்து பரவிய பிறகு அது இயலாமற்போயிற்று. சிமெண்டு செங்கல்லைவிட உறுதியாகப் பற்றிக்கொள்ளவே, பிரிக்க முயன்றால் கல்தான் உடைந்தது. உடைத்து ஜல்லியாக்கிச் சாலையடியில் பரப்புவது தவிர அந்தச் சுவருக்கு வேறு மறுபிறவி இல்லை. எந்தச் சட்டசபையும் கூடி விவாதிக்காமல், ஒரு கட்டுமானப் பொருளின் குணமே இவ்வளவு பெரிய மாறுதலைச் செய்துவிட்டது.

அந்த ஜல்லிக்கும் ஒருமுறை பெருமதிப்பு வந்தது. 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கி, மறு ஆண்டு மே வரையில் ஜெர்மன் விமானங்கள் லண்டனின் மீது குண்டு பொழிந்தபோது, 1666-க்குப் பிறகு நகரம் காணாத அளவில் இடிபாடு தெருக்களை அடைத்தது. சாலைகளைத் திறந்து, இடிபாட்டை அகற்றும் வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு, நிதி இலாகாவின் தலைமைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற சர் வாரன் ஃபிஷரிடம் அளிக்கப்பட்டது. பொதுப் பூங்காக்கள் தற்காலிகக் குவியல் மைதானங்களாயின. கிழக்கேயுள்ள ஹாக்னி சதுப்பு வெளியின் மட்டம் குண்டு விழுந்த வீடுகளின் செங்கல்லால் உயர்ந்தது. இன்று ஞாயிறுதோறும் அங்கே நடக்கும் கால்பந்தாட்டங்கள் அந்தச் செங்கல்லின் மீதே நடக்கின்றன. 1942 முதல் அமெரிக்க விமானப் படைக்காகக் கிழக்கு ஆங்கிலியாவின் வயல்களில் விமானத் தளங்கள் அவசரமாக எழுந்தபோது, ஒவ்வொன்றுக்கும் 2,000 கஜ நீளத்தில் ஒரு பிரதான ஓடுபாதையும், 1,400 கஜத்தில் வேறு இரண்டும் வேண்டியிருந்தன. அவற்றின் அடித்தளத்துக்கு லண்டனின் இடிபாடு ரயில் ரயிலாகச் சென்றது. பிரிஸ்டல் துறைமுகத்து இடிபாடு இன்னும் தூரம் பயணம் செய்தது. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல்கள் ஆட்டங்கொடாமலிருக்க அடிப்பாரமாக அதனை ஏற்றிச் சென்று, நியூயார்க்கில் கிழக்கு நதிக் கரையில் இறக்கின. அங்கே அதன் மேல் ஒரு நெடுஞ்சாலை போடப்பட்டது.

யுத்தத்துக்குப் பிந்திய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையைத் தடுப்பதற்காகப் பிறந்தது. ஆனால் வீட்டு அடுப்புகளிலிருந்து நிலக்கரி மறைந்ததோடு குப்பைத்தொட்டியிலிருந்து சாம்பலும் மறைந்து, அதன் இடத்தைக் காகிதமும் தகரமும் பின்னர் பிளாஸ்டிக்கும் பிடித்தன. எடை குறைந்து, பருமன் பெருகிற்று. அத்துடன், நச்சுப் பொருள்களைக் கண்ட இடத்தில் கொட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்று 1970-இல் ஒரு நிபுணர் குழு அறிக்கை தந்திருந்தும், அரசாங்கம் அசையவில்லை. 1972 பிப்ரவரியில் வார்விக்ஷயரிலுள்ள நனீட்டன் ஊரில், குழந்தைகள் விளையாடும் வெற்று நிலத்தில் சயனைடு நிரம்பிய பீப்பாய்கள் கிடந்ததைக் கண்டு தேசமே பதறிய பிறகு, சில வாரங்களுக்குள் நச்சுக் கழிவுச் சட்டம் நிறைவேறிவிட்டது. இரண்டு வருஷங்களாக முடியாத காரியம் ஒரு மாதத்தில் முடிந்தது. குப்பை கொட்டும் நிலத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. தெருவோரம் வைக்கும் இரும்புக் கட்டடக் குப்பைத் தொட்டிக்குச் சாலை அதிகாரியின் அனுமதியும் இரவில் விளக்கும் உரிமையாளரின் பெயரும் வேண்டும் என்றாயிற்று. குப்பை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்கள் பதிவு செய்துகொள்ள 1989-இலும், குப்பையை உண்டாக்கியவர் அது சரியான கையில் சேர்கிறதா என்று கவனித்து எழுத்தில் வைக்க வேண்டும் என 1990-இலும் சட்டங்கள் பிறந்தன. பறக்கும் குப்பைக்காரர்களும் வேறு உருவில் திரும்பி வந்தார்கள். முன்னவர்கள் குப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இவர்கள் பணம் வாங்கிக்கொண்டு குப்பையை யாருமில்லாத சந்தில் போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

1996 அக்டோபர் 1 முதல், பள்ளத்தில் கொட்டிப் புதைக்கும் ஒவ்வொரு டன் கழிவுக்கும் பிரிட்டிஷ் அரசாங்கம் வரி விதித்தது. சாதாரணக் குப்பைக்கு டன் ஒன்றுக்கு 7 பவுன். மண், கல், காங்கிரீட் போன்ற அழுகாத பொருளுக்கு 2 பவுன். தடை விதித்தும் லைசென்ஸ் கொடுத்தும் பார்த்துச் சலித்த அரசு, சந்தை கைவிட்ட பொருளுக்குத் தலைகீழான ஒரு விலையைத் தானே சூட்டியது என்பது இதன் தாத்பர்யம். 2002-இல் புதிதாகத் தோண்டி எடுக்கும் மணலுக்கும் ஜல்லிக்கும் டன்னுக்கு 1 பவுன் 60 பென்ஸ் வரி சேர்ந்தது. ஒருபுறம் புதைக்கச் செலவு, மறுபுறம் புதியது தோண்டச் செலவு. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பழைய காங்கிரீட், நொறுக்கும் இயந்திரத்தை நோக்கி ஓடியது. பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு விளைந்த மொத்தக் கழிவில் ஐந்தில் மூன்று பங்கு கட்டுமானமும் இடிப்பும் தோண்டுதலும் தந்தவை; அவற்றுள் அபாயமற்ற கட்டட இடிபாடு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறுபடி ஏதேனும் ஒரு வகையில் பயன்படுகிறது. சாலையடி ஜல்லியாவதையும் பயன் என்றே கணக்கர்கள் எழுதுகிறார்கள். முழுச் செங்கல்லாகத் திரும்பக் கிடைப்பது அதில் சொற்பமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மேற்கு லண்டனில் நார்தோல்ட் என்னுமிடத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி நான்கு குன்றுகள் இருக்கின்றன. பழைய வெம்ப்ளி விளையாட்டரங்கும் ஒயிட் சிட்டியில் இடிக்கப்பட்ட கட்டடங்களும் அவற்றின் உள்ளே கிடக்கின்றன. ஈலிங் நகர சபை, இடிபாடு கொண்டுவந்து கொட்டிய லாரிகளிடம் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டே குன்றுகளையும் குளங்களையும் அமைத்து 2008-இல் பூங்காவாகத் திறந்தது. குத்தகைக்காரரிடமிருந்து வருமானம் பார்த்த பழைய வட்டாரச் சபையினர் இதைக் கண்டால், வருமானம் அதே, வருகிற திசைதான் வேறு என்று மகிழ்ந்திருப்பார்கள்.

வரி ஏற ஏற, எந்தக் குப்பை எந்த வகை என்ற தர்க்கமும் ஏறியது. கட்டட இடிபாட்டைச் சுழலும் பெருஞ்சல்லடையில் சலிக்கும்போது கீழே விழும் நுண்பொடியில், மண்ணும் காரையும் மட்டுமல்லாமல் மரத்தூளும் காகிதமும் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்துவிடுகின்றன. அதைக் கல்மண் என்று சொல்லிக் குறைந்த வரி கட்டுவதா, குப்பை என்று ஒப்புக்கொண்டு முழுவரி கட்டுவதா என்று வழக்குகள் மலிந்தன. 2015 ஏப்ரல் முதல் அரசு ஒரு பரீட்சையைக் கட்டாயமாக்கிற்று: மாதிரியை ஆய்வுக்கூடத்து உலையிலிட்டு எரிக்க வேண்டும், எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் அது எரியும் சரக்கு, முழுவரிக்கு உரியது. செங்கற்காரன் ஒருகாலத்தில் லண்டன் நுண்பொடிக்குக் காசு கொடுத்தது, அது உள்ளே எரியும் என்பதற்காக. இப்போது எரியாது என்று நிரூபித்தால்தான் சலுகை. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விகிதப்படி, அந்தப் பரீட்சையில் தேறிய ஒரு டன்னுக்கு வரி 4 பவுன் 5 பென்ஸாக இருந்தது. தேறாததற்கு 126 பவுன் 15 பென்ஸ்.